குச்சியில் பாதி, பெட்டியில் பாதி

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே பழுவேட்டரையரை விசாரிப்பார்கள். கல்கி செய்துவிட்டுப் போன வேலை. கீழப்பழுவூரில் வளர்ந்தவர்களுக்கு ஊரின் அடையாளம் வேறு: சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வெடி. முதலில் சங்கு ஊதும். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ வயிற்றில் குத்தியதுபோல ‘தொம்’ என்று ஒன்று. அடுக்களைப் பலகையில் எவர்சில்வர் தட்டுகள் ஒருதரம் சிலுசிலுத்து அடங்கும். அம்மா தலையைத் தூக்காமலே “மணி ஆயிருச்சு” என்பாள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ச் சீமையில் கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பியும் நத்தையும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகி, இப்போது வெடி வைத்துப் பெயர்க்கப்பட்டுச் சிமெண்டாகின்றன.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு வளரும் பையன்களுக்குக் கை ஊறாமல் இருக்குமா? எங்களுக்குக் கிடைத்த ஒரே வெடிமருந்து தீப்பெட்டி. குச்சிகளின் தலையைச் சுரண்டி, சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய பழைய ஸ்போக் துண்டில் திணித்து, ஆணியை வைத்துச் சுவரில் அடிக்கிற விளையாட்டு எண்பதுகளில் தமிழ்நாடு முழுக்க இருந்தது என்று நினைக்கிறேன். யாரைக் கேட்டாலும் ஒரு தழும்பைக் காட்டுகிறார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் படிப்பில் கெட்டிக்காரன். அதுதான் வினையாகிப் போனது. அவன் யோசித்தான்: குச்சியைத் தரையில் தேய்த்தால் பற்றுவதில்லை, பெட்டியின் பக்கத்தில் தேய்த்தால்தான் பற்றுகிறது, அப்படியானால் அந்தப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்? அறிவியல் ஆசிரியர் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார், தர்க்கம் அத்தனை சுத்தம். ஆனால் அவன் சேர்த்து முடிக்கவே இல்லை. ஆணி இல்லை, சுவர் இல்லை, நெருப்பு இல்லை. கையிலேயே போனது. ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது. புருவமும் இமையும் திரும்ப முளைத்தன. வலதுகைக் கட்டைவிரல் நுனி முளைக்கவில்லை.

அன்று மாலை என் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். சுரங்கத்தில் வெடி வைக்கும் குழுவில் வேலை. என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ஏன்டா மாப்ள, குச்சியில பாதியும் பெட்டியில பாதியுமா எதுக்கு வச்சிருக்கான்? ஒரே இடத்துல வைக்கத் தெரியாமலா?”

“தெரியல மாமா.”

“தெரியலன்னா தொடாத.”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. தீப்பெட்டி பிறந்த கதை முழுக்க அந்தப் பதில்தான்.

கதை வந்தவாசிப் பக்கமிருந்தே தொடங்குகிறது என்று சொன்னால் மிகையில்லை. பழைய கறுப்பு வெடிமருந்துக்கு மூன்று சரக்கு: கரி, கந்தகம், வெடியுப்பு. இதில் வெடியுப்புக்குப் பெயர்போன இடம் பீகார். பிளாசிப் போருக்குப் பிறகு அது ஆங்கிலேயர் பிடிக்குள் போனது. 1760இல் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தியாவில் மிஞ்சியது புதுச்சேரியைப் போன்ற சில துண்டுகள்தாம். துப்பாக்கி இருந்தது, மருந்துக்கு உப்பில்லை. 1775இல் பிரெஞ்சு அரசு வெடிமருந்துத் தயாரிப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. அதில் முக்கியமானவர் நவீன வேதியியலின் தந்தை என்று நம் பாடப்புத்தகம் சொல்லும் லவாய்சியர்.

அவருடைய நண்பர் பெர்த்தோலே, குளோரின் வாயுவோடு மல்லாடிக் கொண்டிருந்தவர். துணி வெளுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று கண்டு சொன்னதும் அவர்தான். 1786 வாக்கில் அந்த ஆராய்ச்சியில் ஒரு வெள்ளை உப்பு கிடைத்தது. பொட்டாசியம் குளோரேட். பார்க்கச் சாதுவான படிகம். அதைக் கரியோடும் கந்தகத்தோடும் சேர்த்துச் சிறிய அளவில் சோதித்தபோது வெடியுப்பைக் காட்டிலும் வீரியமாக இருந்தது. பீகாரே வேண்டாம் என்கிற நிலைமை வந்துவிட்டதாக அவர்கள் நினைத்திருந்தால் தப்பில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எதுவும் எரிய ஆக்சிஜன் வேண்டும். விறகு அதைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெடிமருந்து காற்றை எதிர்பார்ப்பதில்லை; தனக்கு வேண்டியதைக் கட்டிச்சோறுபோலக் கையோடு கொண்டுவருகிறது. வெடியுப்பு அந்தக் கட்டிச்சோற்று மூட்டையை இறுக்க முடிந்து வைத்திருக்கும். நன்றாகச் சூடேறினால்தான் முடிச்சு அவிழும். குளோரேட் முடிவதே இல்லை, மடியில் சும்மா செருகி வைத்திருக்கிறது. பக்கத்தில் கந்தகம் இருந்தால் ஓர் உரசல் போதும், ஒரு தட்டல் போதும். வீரியம் கூடியதும் பொறுமை குறைந்ததும் ஒரே குணத்தின் இரண்டு பெயர்கள்.

1788 அக்டோபர் 27. பாரிஸுக்குத் தெற்கே எசோன் வெடிமருந்து ஆலையில் பெரிய அளவில் கலந்து பார்க்க ஏற்பாடு. பெர்த்தோலே இருந்தார். லவாய்சியர் தன் மனைவி மரி-ஆனோடு வந்திருந்தார். விருந்தினர் வந்து வேடிக்கை பார்க்கிற சோதனை. பாதுகாப்புக்கு மரத்தடுப்புகூட வைத்திருந்தார்கள். லவாய்சியர் தம்பதியும் பெர்த்தோலேயும் சற்று அப்பால் சென்றிருந்த நேரத்தில் கலவை வெடித்தது. ஆலையின் நிர்வாகி லெதோரும், பார்க்க வந்திருந்த ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். சில நிமிடம் முன்பின்னாக இருந்திருந்தால் வேதியியலின் தந்தை அங்கேயே முடிந்திருப்பார். அவரை ஐந்தரை ஆண்டு கழித்து வேறொன்று, கில்லட்டின், முடித்தது.

அங்கே கலவையைச் சோதித்தவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். அன்றைய உலகில் அவர்களுக்கு மேல் தெரிந்தவர் இல்லை. அவர்களை ஏமாற்றியது அறியாமை அன்று, முதலில் நடந்த சிறிய சோதனையின் வெற்றி. நேற்று நடந்தது இன்றும் நடக்கும் என்பது சமையலுக்குச் சரி. இந்த வகைக் கலவைக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. குளோரேட்டும் கந்தகமும் கலந்து வைத்தால், கந்தகத்தில் ஒட்டியிருக்கிற துளி அமிலம் ஈரத்தோடு சேர்ந்து உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். மாலையில் சும்மா இருந்தது நள்ளிரவில் ஆள் இல்லாத அறையில் தானே பற்றும். மாவு புளிப்பதுபோல என்று சொல்லலாம், மாவு பொங்கினால் பாத்திரம் மட்டும்தான் வழியும்.

குளோரினின் இன்னொரு வாரிசு நைட்ரஜன் டிரைகுளோரைடு, மஞ்சள் எண்ணெய். 1811இல் அதைக் கண்டுபிடித்த டூலாங் அதற்கு ஒரு கண்ணையும் விரல்களையும் கொடுத்தார். மறு ஆண்டு ஹம்ப்ரி டேவி செய்து பார்த்தார், கண்ணில் கண்ணாடிச் சில்லு. பார்வை தேறும்வரை எழுதித்தர ஆள் தேவைப்பட்டது. புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞனைக் கூப்பிட்டார்கள். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம் நம் வீட்டுக்கு வந்த கதையில் இப்படி ஒரு கண் காயமும் இருக்கிறது. ஃபாரடேயும் பிறகு அதே எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டார்.

எசோன் விபத்துக்குப் பின் பீரங்கிக்காரர்கள் குளோரேட்டைக் கண்டு மிரண்டார்கள். ஆனால் அதன் முன்கோபம் வேறொருவருக்கு உதவும் என்று தோன்றியது. நெருப்பு உண்டாக்குவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சில் பொறி பிடிக்கவேண்டும். மழைக்காலத்தில் அது பிடிக்காது. 1805இல் பாரிஸில் ஷான்செல் என்பவர் குளோரேட் பூசிய குச்சியைக் கந்தக அமிலத்தில் தோய்த்துப் பற்றவைத்தார். சட்டைப் பையில் அமிலக் குப்பியோடு திரிய யாருக்கு மனம் வரும்? பணக்கார வீட்டு விளையாட்டாகவே நின்றது.

அடுத்தவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்னும் ஊரின் மருந்துக்கடைக்காரர். நம் மொழியில் வெடிக்கிறதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து. வாக்கர் இரண்டு பொருளிலும் மருந்துக்கடைக்காரர். குளோரேட்டும் அஞ்சனக்கல்லும் பசையும் கலந்த குழம்பு ஒட்டியிருந்த குச்சி அடுப்புக் கல்லில் உரசிப் பற்றிக்கொண்டது என்று கதை சொல்வார்கள். 1827 ஏப்ரல் 7ஆம் தேதி அவருடைய கணக்குப் புத்தகத்தில் முதல் விற்பனை பதிவாகியிருக்கிறது. மடித்த உப்புத்தாளுக்கு நடுவே குச்சியை வைத்து இழுக்கவேண்டும். அவர் காப்புரிமை வாங்கவில்லை. பிறர் அதே சரக்கை ‘லூசிஃபர்’ என்று சாத்தான் பெயரில் விற்றார்கள். பெயர் பொருத்தம்தான். தலை கழன்று எரிந்தபடியே பாவாடையில் விழும், கம்பளத்தில் விழும்.

1830இல் பிரெஞ்சு இளைஞர் சோரியா, வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார். சுவர், செருப்பு, பல்லு, எதில் தேய்த்தாலும் பற்றும். உலகம் கொண்டாடியது. எலி கடித்தாலும் பற்றியது என்பது பிறகு தெரிந்தது. அதைவிடக் கொடுமை தொழிற்சாலைக்குள். வெள்ளைப் பாஸ்பரஸின் புகை பல்வழியே இறங்கித் தாடை எலும்பை அழுகச் செய்யும். தீப்பெட்டி செய்த பெண்கள் தாடையை அறுத்தெடுத்துக்கொண்டு வாழ்ந்தார்கள், அல்லது செத்தார்கள். 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக எழுதியவர், சென்னையின் பெசன்ட் நகருக்குத் தன் பெயரைத் தந்த அன்னி பெசன்ட். ஆன்மிகமும் அடையாறும் ஹோம் ரூலும் பிற்பாடு வந்தவை. முதலில் அவர் கையில் எடுத்தது தீக்குச்சியைத்தான்.

இத்தனைக்கும் மாற்று முன்பே வந்துவிட்டிருந்தது. பாஸ்பரஸுக்கே சிவப்பாக, சாதுவாக ஒரு வடிவம் உண்டென்று வியன்னாவில் ஷ்ரோட்டர் 1840களில் விளக்கினார். விஷம் இல்லை, தானே பற்றாது. ஆனால் அதைக் குளோரேட்டோடு சேர்த்துக் குச்சித் தலையில் வைக்க முயன்றால்? இரண்டு சாதுக்களும் சந்தித்த மாத்திரத்தில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள். கலக்கும்போதே, காயும்போதே, தொடும்போதே வெடித்தது. எங்கள் கெட்டிக்காரன் சைக்கிள் கடைக்குப் பின்னால் கண்டுபிடித்தது இதைத்தான். ஏறக்குறைய நூற்று நாற்பது வருடம் தாமதமாக.

சுவீடன்காரர் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844இல் எடுத்த முடிவு சண்டை போடும் இருவரைச் சமாதானம் செய்வதல்ல, தனிக்குடித்தனம் வைப்பது. குளோரேட்டைக் குச்சியில் வை, பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசு. தேய்க்கும்போது பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் குச்சித் தலையில் ஒட்டும். அந்த ஒரு புள்ளியில் மட்டும், அந்த ஒரு நொடி மட்டும், இரண்டும் சந்திக்கும். அந்தச் சின்ன வெடி மீதித் தலையைப் பற்றவைக்கும். நாம் ஒவ்வொரு முறை குச்சி கிழிக்கும்போதும் செய்வது ஒரு வெடிப்புதான், எள்ளின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத வெடிப்பு. பாஷால் இதை வியாபாரமாக்க முடியவில்லை. யோன்ஷோப்பிங் ஊர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் எடுத்துச் செய்து, 1855 பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார்கள். தீக்குச்சியில் புதிதாக எதையும் சேர்க்காமல், இருந்ததைப் பிரித்துவைத்ததற்குக் கிடைத்த பதக்கம்.

வெள்ளைப் பாஸ்பரஸ் 1906 பெர்ன் உடன்படிக்கையில் விலக்கப்பட்டது, 1913இல் இந்தியாவிலும் சட்டம் வந்தது. சுவீடன் கம்பெனியின் விம்கோ 1923இல் இங்கே கால் வைத்தது. அதே காலத்தையொட்டிச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியிருந்தார்கள். மழை பெய்யாத பூமி, வெயிலுக்குப் பஞ்சமில்லை, குச்சி சீக்கிரம் காயும். மெஷின் இல்லாமல் கையாலேயே குச்சி அடுக்கி, மருந்தில் முக்கி, வீடுவீடாகப் பெட்டி ஒட்டக் கொடுத்து, ஒரு சீமையே தீப்பெட்டியில் பிழைத்தது. அந்தப் பிழைப்பில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளின் விரல்களும் இருந்தன. 2021 டிசம்பரில் பதினான்கு வருடத்துக்குப் பிறகு பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானபோது, இந்த ஒன்றுதான் இத்தனை நாள் ஏறாமல் இருந்ததா என்று டீக்கடையில் ஆச்சரியப்பட்டார்கள்.

குச்சித் தலையிலும் குளோரேட்டோடு கந்தகம் இருக்கிறதே, அது மட்டும் ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்கலாம். அங்கே மருந்து உலர்ந்த பொடியாகக் கலக்கப்படுவதே இல்லை. பசையோடு ஈரக்குழம்பாகக் கலந்து, துளித்துளியாகக் குச்சியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காயவிடுகிறார்கள். பசை ஒவ்வொரு துகளுக்கும் சட்டை போட்டுவிடுகிறது. குச்சியைச் சுரண்டுகிறவன் முதலில் செய்வது அந்தச் சட்டையைக் கழற்றுவது. தனித்தனியாக இருந்ததை ஒரே குவியலாக்குவது அடுத்தது. தொழிற்சாலை ஒவ்வொரு படியாக ஏறி வந்ததைப் பையன் ஒரே தாவலில் இறங்கிவிடுகிறான்.

பட்டாசில் அந்தச் சட்டை கிடையாது. குளோரேட் மலிவு, சத்தம் பெரிது; வெங்காய வெடிக்கும் நாட்டு வெடிக்கும் அதைத்தான் கந்தகத்தோடு கலந்தார்கள். கலக்கிற கை பலமுறை திரும்பவில்லை. 1992 ஜனவரி 27ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது: குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த எந்த வெடிபொருளையும் செய்யக்கூடாது, வைத்திருக்கக்கூடாது, இறக்குமதி செய்யக்கூடாது. தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிப் பொட்டு வெடிக்கும் விலக்கு. எசோனில் இரண்டு உயிர் போய் 203 வருடமும் மூன்று மாதமும் கழித்து வந்த தடை. இப்போதும் திருட்டுத்தனமாகக் கலக்கிறவர்கள் பிடிபடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று ஊருக்கு ஊர் யாரோ ஒருவர் “நமக்குக் கை பழகிடுச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பழகுவது கை மட்டும்தான். மருந்து யாரோடும் பழகுவதில்லை.

2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு ஒரு மாதம். எங்கள் பக்கத்தில், திருமானூரை அடுத்த விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தது. பத்துப் பேருக்கும் மேல் மாண்டார்கள். அது கற்றுக்குட்டிகளின் கொட்டகை அல்ல, தொழில் நடந்த இடம். எதனால் பற்றியது என்பதை ஊகித்து எழுதுவது என் வேலையும் அல்ல. ஆனால் அன்று கைபேசியில் வந்த படங்களைப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. அளவு, இடைவெளி, அறைக்கு இத்தனை பேர் என்று விதிகள் எழுதிவைத்துத் தொழிலாகச் செய்கிற இடத்திலேயே இது. விதி என்று ஒன்று இருப்பதே தெரியாமல், வீட்டு மாடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ, ஒரு பையன் என்னத்தை நம்பி உட்காருகிறான்?

மாமாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். ஓய்வு பெற்று வெகுநாளாகிறது. சுரங்கத்தில் தோட்டா ஒரு கிடங்கில் இருக்கும். அதை வெடிக்கச் செய்கிற கேப்பு வேறொரு கிடங்கில் இருக்கும். ஒரே பெட்டியில் போட்டுத் தூக்கிவரக் கூடாது. குழிக்குப் பக்கத்தில் வந்துதான் இரண்டும் சேரும், அதுவும் உரிமம் உள்ளவர் கையில். முப்பது வருடம் அவர் அந்த இரண்டு கிடங்குகளுக்கும் நடுவே நடந்தவர்.

“குச்சியில பாதி, பெட்டியில பாதி,” என்றேன்.

“இப்பதான் வெளங்குச்சா ஒனக்கு?”

கிடங்கு வாசலில் காவலாளியிடம் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாராம். சாயங்காலம் திரும்பி வாங்கும்போது குச்சியை எண்ணிப் பார்ப்பாராம். பாதுகாப்புக்காகவா மாமா என்றேன். இல்லையாம். காவலாளிக்குப் பீடிப் பழக்கம். தினமும் நாலு குச்சி குறையும்.